கிளாம்பாக்கம்: கட்டடத்துக்கு ஒரு கணக்கு, பயணிக்கு ஒரு கணக்கு

2024 பிப்ரவரியில் ஒரு நள்ளிரவு, கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தில் நெடுநேரம் காத்திருந்த பயணிகள், தங்கள் ஊர்களுக்குப் போதிய பேருந்துகள் இல்லை என்று கூறி, வெளியேறும் பேருந்துகளை மறித்துப் போராடினர். கலைஞர் நூற்றாண்டுப் பேருந்து முனையம் என்று பெயரிடப்பட்ட அந்த இடம் திறக்கப்பட்டு அப்போது ஆறு வாரங்கள்தாம் ஆகியிருந்தன. ஏறத்தாழ 88 ஏக்கர் நிலம். ஏறத்தாழ 394 கோடி ரூபாய் செலவு. போதிய பேருந்துகள் இயக்கப்பட்டதாக அரசுத் தரப்பு விளக்கம் தந்தது. பேருந்துகளின் எண்ணிக்கை பற்றிய விவாதம் ஓரிரு வாரங்களில் அடங்கிவிட்டது. அன்றிரவு எழுந்த கோபத்துக்குள் இருந்த இன்னொரு கேள்வி மட்டும் அடங்கவில்லை. இவ்வளவு பணத்தைச் செலவழித்து, நகரத்துக்குள் இருந்த ஒரு பொதுச் சேவையை நகரத்துக்கு வெளியே கொண்டுபோனது யாருக்காக என்பதே அது.

இக்கேள்வியை எதிர்க்கட்சிகளின் தூண்டுதல் என்று ஆளுங்கட்சியினர் ஒதுக்குகின்றனர். மாற்றத்தை ஏற்க மறுக்கும் மனநிலை என்று நகரமைப்பு வல்லுநர்கள் சிலர் ஒதுக்குகின்றனர். இரண்டும் பொருந்தவில்லை. இத்திட்டத்துக்கு 2019இல் அடிக்கல் நாட்டியது அ.தி.மு.க. அரசு, 2023 டிசம்பர் 30 அன்று திறந்து வைத்தது தி.மு.க. அரசு. இதற்கு முந்தைய இடமாற்றத்திலோ இதே காட்சி தலைகீழாக நடந்தது. கோயம்பேட்டில் 1999இல் தி.மு.க. அரசு அடிக்கல் நாட்டியது. 2002 நவம்பரில் அ.தி.மு.க. அரசு திறந்து வைத்தது. ஆக, இரண்டு கட்சிகளும் மாறி மாறிக் கையெழுத்திட்ட ஒரே கொள்கையைத்தான் நாம் இங்கே பேசுகிறோம்.

இடமாற்றமே தவறு என்பது நம் வாதமன்று. பண்டிகைக் காலங்களில் பெருங்களத்தூரிலிருந்து கோயம்பேடு வரை பேருந்துகள் மணிக்கணக்கில் ஊர்ந்ததை நாம் அறிவோம். பிராட்வேயிலிருந்து கோயம்பேட்டுக்கு வெளியூர்ப் பேருந்துகள் மாற்றப்பட்டபோதும் நெரிசலே காரணமாகச் சொல்லப்பட்டது, அதுவும் பொய்யன்று. தாம்பரம், வண்டலூர், கூடுவாஞ்சேரிப் பகுதிகளில் வாழ்வோருக்குக் கிளாம்பாக்கம் உண்மையிலேயே அருகில் இருக்கிறது. அவர்களுள் பலர் உழைக்கும் மக்கள் என்பதையும் மறுப்பதற்கில்லை. நாம் கேட்பது கணக்கு. அரசு காட்டுகிற கணக்கில் கட்டடம் இருக்கிறது, பயணி இல்லை. மக்களின் அவநம்பிக்கை அந்த இடைவெளியில்தான் பிறக்கிறது.

கட்டடம் முதலில், பாதை பிறகு

கோயம்பேடு நிலையம் திறந்த நாளில் அங்கே மெட்ரோ ரயில் இல்லை. கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூர் வரையிலான முதல் தடம் 2015 ஜூனில்தான் ஓடத் தொடங்கியது. நிலையம் திறந்து 13 ஆண்டுகள் கழித்து. அதே தடத்தில் சென்ட்ரல் வரை நேராகச் செல்லும் வசதி வர 2018 மே வரை காத்திருக்க வேண்டியிருந்தது. விழுப்புரத்திலிருந்தோ கடலூரிலிருந்தோ ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனைக்கு வரும் ஒரு நோயாளி, பேருந்திலிருந்து இறங்கி, மெட்ரோவில் ஏறி, மருத்துவமனைக்கு எதிரே வந்து இறங்க முடிந்தது அதன் பிறகுதான். 16 ஆண்டுகளாகப் பொதுப்பணத்தைச் சிறுகச் சிறுக இறைத்து உருவாக்கிய இணைப்பு அது. அந்த நோயாளி அதைப் பயன்படுத்தியது ஆறு ஆண்டுகள்கூட இல்லை. 2024 ஜனவரி இறுதிக்குள் தென் மாவட்டப் பேருந்துகளில் பெரும்பாலானவை கிளாம்பாக்கத்துக்குப் போய்விட்டன.

கிளாம்பாக்கத்தில் அதே கதை முதலிலிருந்து தொடங்கியது. முனையத்துக்கு அருகே சென்னைக் கடற்கரை – செங்கல்பட்டு ரயில் பாதை செல்கிறது. ஆனால் முனையம் திறந்த நாளில் அங்கே ரயில் நின்று செல்ல ஒரு நிறுத்தம் இல்லை. நிறுத்தம் கட்டுவதற்காக ரயில்வேக்குச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் செலுத்திய தொகை சுமார் 20 கோடி ரூபாய் மட்டுமே. முனையத்தின் செலவில் இருபதில் ஒரு பங்கு. அந்த 20 கோடி வேலையை முதலில் முடித்துவிட்டு 394 கோடி வேலையைத் திறந்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. ரயில் நிறுத்தத்தின் திறப்பு பலமுறை தள்ளிப்போனது. நிறுத்தத்தையும் முனையத்தையும் இணைக்க ஜிஎஸ்டி சாலைக்கு மேலே செல்ல வேண்டிய ஆகாய நடைபாதைக்கும் அதே கதி. விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை ஏறத்தாழ 15 கிலோமீட்டருக்கு மெட்ரோவை நீட்டிக்கும் திட்டத்தின் மதிப்பீடு 9,000 கோடி ரூபாயைத் தாண்டுகிறது. அதாவது, ஒரு பேருந்து நிலையத்தை இடம் மாற்றியதன் உண்மையான விலை 394 கோடி அன்று. அந்த இடத்துக்கு மக்கள் போய்ச்சேர வழி செய்யும் செலவையும் சேர்த்தால் அது எத்தனை மடங்காகும் என்று திறப்பு விழாவில் யாரும் சொல்லவில்லை.

மெட்ரோவால் விமானப் பயணிகளும் புறநகர் வீட்டுமனை வணிகமும் பயன்பெறும். முழுத் தொகையையும் பேருந்து முனையத்தின் தலையில் கட்டுவது நியாயமில்லை என்று ஒருவர் வாதிடலாம். சரிதான். எவ்வளவு பங்கு யாருக்கு என்று பிரித்துச் சொல்ல வேண்டியது அரசுதானே.

நிதியறிக்கையில் இல்லாத செலவு

வியாசர்பாடி, புளியந்தோப்பு, தண்டையார்பேட்டை, ராயபுரம் ஆகிய பகுதிகளை நினைத்துக்கொள்வோம். துறைமுகத்திலும் ஆலைகளிலும் சந்தைகளிலும் நகரத்தின் துப்புரவுப் பணியிலும் உழைத்தவர்கள், உழைப்பவர்கள் வாழும் வடசென்னை அது. தலித் மக்கள் செறிந்து வாழும் பகுதி. அங்குள்ள குடும்பங்களில் கணிசமானவற்றுக்கு விழுப்புரம், திண்டிவனம், கடலூர்ப் பக்கத்தில் ஊரும் உறவும் இருக்கின்றன. திருவிழாவுக்குப் போவதைத் திட்டமிடலாம். சாவுக்குப் போவதைத் திட்டமிட முடியாது. இரவு ஒன்பது மணிக்கு ஊரிலிருந்து சேதி வந்தால், முன்பு கோயம்பேட்டுக்கு ஒரு மாநகரப் பேருந்து போதும். இப்போது நகரத்தின் வடகோடியிலிருந்து தென்கோடி தாண்டிப் போக வேண்டும். கோயம்பேட்டுக்கும் கிளாம்பாக்கத்துக்கும் இடையே மட்டும் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். குழந்தையும் மூட்டையுமாகச் செல்லும் ஒரு குடும்பத்துக்கு, அந்த நேரத்தில் மாநகரப் பேருந்து கிடைக்காவிட்டால், ஊருக்குப் போகும் பேருந்துக் கட்டணத்தைவிட முனையத்துக்குப் போகும் ஆட்டோக் கட்டணம் அதிகமாகிவிடும்.

பெண்களுக்கு மாநகரப் பேருந்துகளில் கட்டணமில்லாப் பயணம் இருக்கிறதே என்பர். 2021 முதல் நடைமுறையில் இருக்கும் அத்திட்டத்தின் பயனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் செல்லும் பெண்களின் கையில் அது மாதந்தோறும் மிச்சப்படுத்தும் பணம் சிறிதன்று. ஆனால் அது சாதாரணக் கட்டணப் பேருந்துகளுக்கு மட்டுமே உரியது. சொகுசுப் பேருந்துக்கும் குளிர்சாதனப் பேருந்துக்கும் பொருந்தாது. நெடுந்தொலைவு இணைப்புத் தடத்தில் எந்த வகைப் பேருந்து எத்தனை மணிக்கு ஓடுகிறது என்பதைப் பொறுத்துத்தான் அந்த உரிமை அங்கே செல்லுபடியாகும்.

ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இடமாற்றத்தால் ஒரு பயணிக்கு ஒரு வழிக்குக் கூடுதலாக 50 ரூபாய் ஆகிறது என்றும், அப்படிப் பாதிக்கப்படுவோர் நாளொன்றுக்கு 50,000 பேர் என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 25 லட்சம் ரூபாய். ஆண்டுக்கு 91 கோடி. நான்கரை ஆண்டுக்குள் முனையத்தின் கட்டுமானச் செலவைப் பயணிகளின் சட்டைப் பை தாண்டிவிடும். இதில் நேரத்தைச் சேர்க்கவில்லை. இவை நாம் வைத்துக்கொண்ட எண்கள். உண்மையான எண்கள் இதைவிடக் குறைவாகவும் இருக்கலாம், கூடுதலாகவும் இருக்கலாம். பயணச்சீட்டுக் கருவிகளும் போக்குவரத்துக் கழகங்களும் அரசின் கையில்தான் இருக்கின்றன. அந்தக் கணக்கை எடுப்பதற்கு அரசைவிடத் தகுதியான நிறுவனம் வேறில்லை. எடுத்து மக்கள் முன் வைப்பதில்தான் தயக்கம்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நகரமைப்பு அறிக்கைகளில் நேரத்துக்கு விலை உண்டு. மேம்பாலம் கட்டும்போது, அதனால் மிச்சமாகும் பயண நேரத்தைப் பணமாக மதிப்பிட்டுத் திட்டத்தின் பயனாகக் காட்டுவது வழக்கம். ஆனால் ஒரு சேவை தொலைவுக்குப் போகும்போது வீணாகும் நேரம் எந்த ஏட்டிலும் செலவாக ஏறுவதில்லை. காரில் செல்வோரின் பத்து நிமிடம் பணமாகிறது. கூலித் தொழிலாளியின் இரண்டு மணி நேரம் ஒன்றுமில்லாமல் போகிறது.

நீதிமன்றம் சென்ற பேருந்துகள்

2024 ஜனவரி 24 முதல் ஆம்னி பேருந்துகளும் கிளாம்பாக்கத்திலிருந்தே இயங்க வேண்டும் என்று அரசு உத்தரவிட்டது. உரிமையாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினர். கோயம்பேட்டில் தங்களுக்குப் பணிமனைகள் இருக்கின்றன, முதலீடு இருக்கிறது, கிளாம்பாக்கத்தில் அத்தகைய வசதி இல்லை என்றனர். நீதிமன்றம் இடைக்கால ஏற்பாடாகக் கோயம்பேட்டுப் பணிமனைகளைப் பயன்படுத்தவும், போரூர், சூரப்பட்டு சுங்கச்சாவடிப் பகுதிகளில் பயணிகளை ஏற்றி இறக்கவும் அனுமதித்தது. தனியார் பேருந்து முதலாளிகளுக்குக் கிடைத்த இந்த நிவாரணத்தை நாம் குறை கூறவில்லை. அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது: மாற்று வசதி தயாராகும் முன் இடம் மாற்றாதீர்கள் என்பதே அவர்களின் வாதம்.

அரசுப் பேருந்தில் செல்லும் பயணியின் வாதமும் அதுவே. அதை எடுத்துச் சொல்ல அவருக்குச் சங்கம் இல்லை, மூத்த வழக்கறிஞர் இல்லை. ஆகவே அதிகக் கட்டணம் கொடுத்து ஆம்னி பேருந்தில் செல்வோருக்கு நகரத்துக்கு அருகில் ஏறும் வாய்ப்பு ஓரளவு மீண்டும் கிடைத்தது. அரசுப் பேருந்துப் பயணிக்குக் கிளாம்பாக்கம் நிலைத்தது. ஒரே இடமாற்ற உத்தரவு, பணத்தின் அளவுக்கேற்ப இருவேறு விதமாக நடைமுறைக்கு வந்தது.

கோயம்பேட்டையே நம்பிப் பிழைத்த சுமை தூக்குவோர், இரவுநேரத் தேநீர் விற்போர், பூ விற்கும் பெண்கள், கழிப்பறைகளைத் தூய்மை செய்தோர் ஆகியோரின் கதி குறித்து எந்த மன்றத்திலும் பேச்செழவில்லை. கிளாம்பாக்கத்தின் பராமரிப்பு தனியார் ஒப்பந்தத்தில் விடப்பட்டிருக்கிறது. அங்கே கடைகளும் முறைப்படி ஏலத்தில் எடுக்கப்படுபவை. கூடையோடு நுழைந்து பிழைக்கும் இடம் அதுவன்று. துப்புரவுப் பணி ஒப்பந்தத்துக்குப் போவது என்றால் என்ன என்பதை 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன் இரவும் பகலும் அமர்ந்திருந்த இரு மண்டலத் தூய்மைப் பணியாளர்கள் நமக்கு விளக்கிவிட்டார்கள்.

பேருந்துக்கும் சாதிக்கும் என்ன தொடர்பு

பேருந்து நிலையம் எங்கே இருக்கிறது என்பதைத் தலித் உரிமைத் தளம் ஏன் பேச வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். தமிழ்நாட்டில் பேருந்து ஒருபோதும் சாதிக்கு வெளியே ஓடியதில்லை. 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டப்பட்டபோது, ஒரு தலித் வீரனின் பெயர் தாங்கிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று ஆதிக்கச் சாதியினர் கலவரத்தில் இறங்கினர். அரசு அவர்களைத் தட்டிக்கேட்பதற்குப் பதிலாக, எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் நீக்கியது. ஊர்த்தெருவில் நிற்கும் பேருந்து சேரி முனையில் நிற்காமல் போவதும், அதற்காக மனு எழுதியே தலைமுறைகள் கழிவதும் இன்றும் கேட்கும் செய்திகள்.

கிராமத்தைப் பற்றி அம்பேத்கர் 1948இல் அரசியல் நிர்ணய சபையில் வைத்த கடுமையான விமர்சனத்தைப் படித்தவர்கள், நகரம் தலித்துகளுக்கு என்னவாக இருந்தது என்பதை அறிவர். வண்டிக்காரத் தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவரின் பேரன், பெயரும் ஊரும் கேட்கப்படாமல் ஒரு கூட்டத்துக்குள் கலந்துவிடும் முதல் இடம் பேருந்து நிலையம். கல்லூரி விடுதிக்கும் போட்டித் தேர்வுக்கும் நேர்காணலுக்கும் வரும் முதல் தலைமுறை மாணவர்களுக்கு நகரத்தின் வாசல் அதுதான். அந்த வாசல் எவ்வளவு தொலைவில் வைக்கப்படுகிறது, அதைத் தாண்டி உள்ளே வர எவ்வளவு செலவாகிறது என்பது நகரத்தின் மீதான சமஉரிமை பற்றிய கேள்வி.

கட்டடம் முதலில், பாதை பிறகு என்ற வரிசையைத் தலித் மக்கள் தங்கள் வாழ்க்கையிலேயே கண்டிருக்கிறார்கள். கூவம் கரையிலிருந்தும் நகரின் உட்பகுதிகளிலிருந்தும் அகற்றப்பட்டவர்களைக் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் கொண்டுபோய் வைத்தார்கள். பெரும்பாக்கத்தில் மட்டும் 20,000க்கும் மேற்பட்ட அடுக்குமாடி வீடுகள் எழும்பின. பள்ளி, மருத்துவமனை, பேருந்து, ரேஷன் கடை எல்லாம் பின்னால் வரும் என்றார்கள். கல்வியாண்டின் நடுவில் இடம்பெயர்க்கப்பட்ட பிள்ளைகள் படிப்பை விட்டார்கள். பெண்கள் வேலையை விட்டார்கள். வசதிகள் பின்னர் வந்தன, சில வரவில்லை. படிப்பை விட்ட பிள்ளைக்கு, ஐந்தாண்டு கழித்து வரும் பள்ளிக் கட்டடம் எதற்கு? அன்று மக்களை இடம் மாற்றிவிட்டுச் சேவையைப் பின்னால் அனுப்பினார்கள். இன்று சேவையை இடம் மாற்றிவிட்டு மக்களைப் பின்னால் வரச் சொல்கிறார்கள். இரண்டிலும் காத்திருக்க வேண்டியவர்கள் யார் என்பதில் மாற்றமில்லை.

அவநம்பிக்கைக்கு வயது அதிகம்

பொதுச் சேவையின் இடமாற்றம் என்றாலே மக்கள் ஐயுறுவதற்கு, பேருந்து அல்லாத காரணங்களும் உண்டு. ஓமந்தூரார் வளாகத்தில் பல நூறு கோடி செலவில் எழுந்த புதிய தலைமைச் செயலகமும் சட்டப்பேரவையும் 2010 மார்ச்சில் திறக்கப்பட்டன. 2011இல் ஆட்சி மாறியது. தலைமைச் செயலகம் புனித ஜார்ஜ் கோட்டைக்கே திரும்பியது. கட்டடம் 2014இல் மருத்துவமனையாயிற்று. செலவு குறித்து விசாரிக்க ஓர் ஆணையம் அமைத்து, அதற்கும் செலவு செய்தார்கள். மருத்துவமனை நல்லதுதான், ஆயினும் அலுவலகத்துக்கெனக் கட்டியதை மருத்துவமனையாக மாற்றுவதற்கான செலவு, ஒரு கட்சி இன்னொரு கட்சியின் மேல் கொண்ட பகைக்கு மக்கள் கட்டிய வரி. அதே 2011இல், கோட்டூர்புரத்தில் திறந்து ஓராண்டே ஆன அண்ணா நூற்றாண்டு நூலகத்தையும் இடம் மாற்ற அமைச்சரவை முடிவெடுத்தது. உயர் நீதிமன்றம் தடுத்தது. தடுத்திராவிட்டால், இன்று தேர்வுக்குப் படிக்க அங்கே காலை முதல் இரவு வரை அமர்ந்திருக்கும் ஏழை மாணவர்கள் எங்கே போயிருப்பார்கள்?

இன்னும் ஒரு காரணம் நமக்கே உரியது. 2010இல் டெல்லியில் நடந்த காமன்வெல்த் போட்டிகளுக்காக, பட்டியல் சாதியினருக்கான சிறப்புக் கூறுத் திட்ட நிதியிலிருந்து 600 கோடி ரூபாய்க்கும் மேல் திருப்பிவிடப்பட்டதை ஒன்றிய அரசு நாடாளுமன்றத்திலேயே ஒப்புக்கொண்டது. சாலையும் விளையாட்டரங்கும் எல்லாருக்கும் பொதுவானவை, அவற்றில் தலித்துகளுக்கும் பங்குண்டு என்பதே அத்தகைய திருப்பல்களுக்குச் சொல்லப்படும் வாதம். கிளாம்பாக்கத்தில் அப்படி நடந்தது என்று நாம் கூறவில்லை. ஆனால் பொது உள்கட்டமைப்புக்கான பெருஞ்செலவு எதைக் கண்டாலும், அதில் எந்தப் பகுதியாவது துணைத்திட்டக் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறதா என்று கேட்கும் பழக்கம் நமக்கு வந்தது அந்த அனுபவத்தால்தான். தமிழ்நாட்டில் 2024இல் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்கெனச் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. அச்சட்டத்தின் பெயரால் இக்கேள்வியைக் கேட்க இப்போது கூடுதல் உரிமை இருக்கிறது.

கேட்கத்தக்க கேள்விகள்

இவ்வளவு பெரிய ஒரு முனையத்துக்கு மக்களிடம் கருத்துக் கேட்கும் கட்டாயம் சட்டத்தில் இல்லை என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, கட்டடக் கட்டுமானத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்களிக்கிறது. 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டத்தின்படி சமூகத் தாக்க மதிப்பீடு தேவைப்படுவது நிலத்தைக் கையகப்படுத்தும்போதுதான். ஒரு சேவை இருந்த இடத்தைவிட்டு அகலும்போது, அதை இழப்பவர்கள் சட்டத்தின் கண்ணில் பாதிக்கப்பட்டவர்களே அல்லர். 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் யாருக்கு எந்த விலைக்கு வேலை தரப்பட்டது என்பதை ஒழுங்குபடுத்தும். அந்த வேலை தேவைதானா என்று கேட்காது. ஆகவே ஒரு ரூபாய்கூடக் கையாடப்படாத திட்டத்திலும் மக்களின் பணம் வீணாகலாம். ஊழல் மட்டுமே மக்களின் ஐயத்துக்குக் காரணம் என்று கருதிக்கொண்டு, ஊழல் இல்லை என்று பதில் சொல்லும் அமைச்சர்கள் கேள்வியையே தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்.

இருக்கும் சட்டங்களில் நமக்கு உதவுவது தகவல் அறியும் உரிமைச் சட்டம். அதன் பிரிவு 4(1)(சி), மக்களைப் பாதிக்கும் முக்கிய முடிவுகளை அறிவிக்கும்போதே தொடர்புடைய எல்லா உண்மைகளையும் பொது அதிகார அமைப்புகள் தாமாக வெளியிட வேண்டும் என்கிறது. பிரிவு 4(1)(டி), முடிவுக்கான காரணங்களைப் பாதிக்கப்பட்டோருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. யாரும் மனுப் போடாமலே செய்ய வேண்டிய கடமைகள் இவை. பெரும்பாலான துறைகள் இப்பிரிவை அலுவலர்களின் பெயர்ப்பட்டியலை இணையதளத்தில் போடுவதோடு முடித்துக்கொள்கின்றன.

கிளாம்பாக்கத்தில் முடிந்துபோனதைப் பேசி என்ன பயன் என்று கேட்பவர்கள், வரிசையில் அடுத்து நிற்பவற்றைப் பார்க்க வேண்டும். மேற்கு நோக்கிச் செல்லும் பேருந்துகளுக்காகக் குத்தம்பாக்கத்தில் முனையம் எழுப்பப்பட்டிருக்கிறது. (தலித்துகளும் பிற சாதியினரும் அடுத்தடுத்த வீடுகளில் வாழும் குடியிருப்பை ஒரு தலித் ஊராட்சித் தலைவரின் முயற்சியில் கண்ட ஊர் அது, சமத்துவபுரத்துக்கு முன்னோடி என்று சொல்லப்படும் ஊரின் பெயர் இனிப் பேருந்துப் பலகையில் வரும்.) காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களின் சேரிகளிலிருந்து சென்னைக்கு வேலைக்கும் மருத்துவத்துக்கும் வருவோர் அதனால் பாதிக்கப்படுவர். மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் நான்காம் தடமோ பூந்தமல்லியோடு நிற்கிறது. நகரத்துக்குள்ளே, பிராட்வே பேருந்து நிலையத்தை 800 கோடிக்கு மேற்பட்ட மதிப்பீட்டில் இடித்துக் கட்டும் திட்டம் இருக்கிறது. அதுவரை ராயபுரம் உள்ளிட்ட இடங்களில் தற்காலிக நிலையங்கள். பொது மருத்துவமனை, உயர் நீதிமன்றம், மொத்த விலைக் கடைத்தெருக்கள், அவற்றில் மூட்டை சுமப்போர் எல்லாரும் நம்பியிருக்கும் நிலையம் அது. தற்காலிகம் என்ற சொல்லுக்கு எத்தனை ஆண்டு என்று பொருள் கொள்வது என்பதை முன்கூட்டியே எழுதி வாங்க வேண்டும்.

மாணவர் அமைப்புகளும் பகுதிவாழ் இயக்கங்களும் இவ்விரண்டு திட்டங்களுக்கும் இப்போதே தகவல் கோரலாம். மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். பதிலுக்குக் கெடு 30 நாள். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், மாநகராட்சி, மாநகரப் போக்குவரத்துக் கழகம், ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமமான கும்டா ஆகிய நான்கிடமும் தனித்தனியே கேட்க வேண்டும். ஒன்று மற்றொன்றைக் கைகாட்டும் என்பதால். இடமாற்றத்துக்கு முன் பயணிகளிடம் கணக்கெடுப்பு நடந்ததா, நடந்திருந்தால் அதன் அறிக்கை எங்கே. எந்த வட்டாரத்துப் பயணிக்கு எவ்வளவு கூடுதல் நேரமும் கட்டணமும் ஆகும் என்று மதிப்பிடப்பட்டது. இணைப்புச் சேவைகள் எந்தத் தேதியில் தயாராகும், அதற்கு முன் இடமாற்றம் நடக்காது என்ற உறுதி எந்த ஆணையில் இருக்கிறது. இரவு பத்து மணிக்குப் பிறகு ஓடும் சாதாரணக் கட்டணப் பேருந்துகள் எத்தனை. பழைய நிலையத்தில் பிழைத்த தொழிலாளர்களின் பட்டியல் எடுக்கப்பட்டதா. துப்புரவு ஒப்பந்தத்தில் குறைந்தபட்ச ஊதிய விதி என்ன. செலவில் எந்தப் பகுதியாவது பட்டியல் சாதியினருக்கான செயல்திட்டத்தின் கணக்கில் காட்டப்பட்டுள்ளதா. காலியாகும் பழைய நிலத்துக்கு என்ன திட்டம்.

கடைசிக் கேள்விக்குக் கோயம்பேட்டிலும் பதில் தேவைப்படுகிறது. 2002இல் ஆசியாவின் மிகப் பெரிய பேருந்து நிலையங்களுள் ஒன்று என்று பறைசாற்றப்பட்ட நிலம் அது, ஏறத்தாழ 36 ஏக்கர். மெட்ரோ நிலையம் வாசலிலேயே இருக்கிறது. தென் மாவட்டப் பேருந்துகள் வெளியேறிய நாள் முதல் அதன் எதிர்காலம் பற்றி எத்தனையோ ஊகங்கள் உலவுகின்றன. வடசென்னையின் வீடற்றவர்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்ப நகரத்துக்குள் நிலமில்லை என்று காரணம் சொன்ன அரசுகள், நகரத்தின் நடுவே உள்ள இந்த நிலத்தை என்ன செய்யப்போகின்றன என்பதை எழுத்தில் சொல்ல வேண்டும்.